போடி ஏலத்தில் சராசரி விலை யாருக்குக் கிடைத்தது?

ஏலக்காய் பயிரிடுவோர் வீடுகளில் ஏலம் நடக்கும் நாளன்று மாலையில் இரண்டு எண்களுக்காகக் காத்திருப்பார்கள். ஒன்று அன்றைய உச்ச விலை. மற்றொன்று சராசரி விலை. தேனி மாவட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் ஏலம் நடைபெறுகிறது. விவசாயி கொண்டுவரும் சரக்கு ஒவ்வொன்றும் ஒரு 'லாட்' ஆகிறது. வியாபாரிகள் காயின் பருமனையும் நிறத்தையும் பார்த்துக் கணினி வழியாக விலை கேட்கிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் இந்த இரண்டு எண்களும் வந்துவிடும்.

இவற்றில் உச்ச விலை எல்லோருக்கும் எளிதில் விளங்கும். எளிதில் ஏமாற்றவும் செய்யும். 2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் ஏலத்தோட்டங்கள் பெரிதும் சேதமுற்றன. அதைத் தொடர்ந்து 2019-இன் முற்பகுதியில் வறட்சி வாட்டியது. காய் வரத்துக் குறைந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏலக்காய் என்றாலே 7,000 ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அதே ஏலத்தின் சராசரி விலை அதைவிட மிகவும் குறைவு. 7,000 ரூபாய் என்பது ஏலத்தில் ஒரு முனையில் நின்ற எண். ஏலத்தின் பொது நிலையை அது சொல்லவில்லை.

அப்படியானால் சராசரி விலை பொது நிலையைச் சொல்லுமா? இதைத்தான் இக்கட்டுரையில் நாம் ஆராயப் போகிறோம். புள்ளியியலில் 'நடு' என்பதற்கு ஒரு பொருள் அல்ல, மூன்று பொருள்கள் உண்டு: கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு. பள்ளிப் பாடத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டுத் தேர்வுக்குப் பின் மறந்துவிடுகிறோம். மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள் என்பதைப் பாடநூல்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

ஒரு சிறு ஏலத்தைக் கற்பனை செய்துகொள்வோம். உண்மையான ஏலத்தில் நூற்றுக்கணக்கான லாட்டுகள் வரும். நமக்குப் பதினொன்று போதும். கணக்கிற்காக நாமே எடுத்துக்கொண்ட விலைகள் இவை (ஒரு கிலோவுக்கு, ரூபாயில்):

1,900, 2,050, 2,150, 2,150, 2,150, 2,200, 2,250, 2,350, 2,400, 2,500, 3,200.

இவர்களில் 2,150 ரூபாய்க்குத் தம் காயை விற்ற ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய சராசரி 2,300 என்று யாரோ சொல்கிறார்கள். கிலோவுக்கு 150 ரூபாய் குறைவு! தரம் பிரித்தவர்கள் ஏமாற்றிவிட்டார்களா, உலர்த்தியதில் பிழையா, தம் காய்தான் மட்டமா? அன்று இரவு அந்த வீட்டில் நிம்மதி இராது. அவருடைய ஐயத்தைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்போம்.

முதலில் கூட்டுச் சராசரி. எல்லா விலைகளையும் கூட்டினால் 25,300. அதைப் பதினொன்றால் வகுத்தால் 2,300. சொன்னவர் பொய் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய எண்களைக் கூட்டச் சலிப்பாக இருந்தால் ஊகச் சராசரி முறையைக் கையாளலாம். நடுவில் இருப்பதாகத் தோன்றும் ஓர் எண்ணை, 2,200 என்று வைத்துக்கொள்வோம், ஊகமாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு விலையும் எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் எழுதுங்கள். குறைவாக உள்ளவை: 300, 150, 50, 50, 50, மொத்தம் 600. அதிகமாக உள்ளவை: 50, 150, 200, 300, 1,000, மொத்தம் 1,700. மிச்சம் 1,100. பதினொன்றால் வகுத்தால் 100. ஊகத்துடன் சேர்த்தால் 2,300. காகிதமின்றி மனத்திலேயே போட்டுவிடலாம்.

இந்த முறையில் இன்னொரு பயனும் உண்டு. விலகல்களைப் பார்த்தீர்களா? 3,200 என்ற ஒரே லாட் மட்டும் 1,000 ரூபாய் விலகி நிற்கிறது. மற்ற எல்லோருடைய விலகல்களும் சேர்ந்து ஏறக்குறைய தமக்குள் சமனாகிவிடுகின்றன. சராசரியை மேலே தூக்குவது அந்த ஒரு லாட்தான். பள்ளித் திடலில் உள்ள ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்குகட்டைக்கு அருகில் பல சிறுவர்கள் அமர்ந்திருந்தாலும், மறுமுனையின் கோடியில் ஒருவன் உட்கார்ந்தால் பலகை அவன் பக்கம் சாயும். பலகையைச் சமன் செய்யத் தாங்குகட்டையை அவன் பக்கம் நகர்த்த வேண்டும். கூட்டுச் சராசரி என்பது அந்தத் தாங்குகட்டை இருக்க வேண்டிய இடம். 2,300-க்குக் கீழே உள்ள விலகல்களின் கூடுதல் 1,250. மேலே உள்ளவற்றின் கூடுதலும் 1,250. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இனி இடைநிலை அளவு. எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நட்டநடுவில் நிற்பவரை அழைப்பதே இது. பதினொரு பேரில் ஆறாமவர் நடுவில் இருக்கிறார். அவருக்கு முன்னே ஐவர், பின்னே ஐவர். ஆறாவது விலை 2,200. ஆகவே இடைநிலை அளவு 2,200 ரூபாய். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் இருவர் நிற்பார்கள். அவர்களின் சராசரியை எடுத்துக்கொள்வது வழக்கம். உதாரணமாக, 1,900 ரூபாய் லாட் விற்காமல் திரும்பிவிட்டது என்றால் மீதி பத்தில் ஐந்தாவது 2,200, ஆறாவது 2,250. இடைநிலை அளவு 2,225. இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு: எண்களை வரிசைப்படுத்தாமல், கொடுத்த பட்டியலிலேயே நடு எண்ணை எடுத்துவிடுவது. ஏலத்தில் லாட்டுகள் வந்த வரிசைக்கும் விலையின் வரிசைக்கும் தொடர்பே இல்லை.

இப்போது நம் விவசாயியின் நிலையைப் பாருங்கள். சராசரியான 2,300-க்கும் குறைவாகப் பெற்றவர்கள் எத்தனை பேர்? ஏழு பேர். பதினொருவரில் ஏழு பேருக்குச் 'சராசரி விலை' கிடைக்கவில்லை! பாதிப் பேருக்கு மேல் சராசரிக்குக் கீழே இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக முடியும். சராசரிக்கு மேலே ஒருவர் வெகு தூரம் போனால், கீழே பலர் சிறிது சிறிது தள்ளி நிற்பார்கள். இடைநிலை அளவோடு ஒப்பிட்டால் நம்மவர் 50 ரூபாய்தான் குறைவு.

2019-ஐப் போல ஓர் ஆண்டு வந்து, உச்ச விலை மட்டும் 3,200-லிருந்து 5,400-க்குத் தாவியது என்று கொள்வோம். மற்ற பத்து விலைகளும் அப்படியே. மொத்தம் 27,500, கூட்டுச் சராசரி 2,500. 'ஏலக்காய்ச் சராசரி விலை 200 ரூபாய் உயர்வு' என்று செய்தி வரும். ஒருவரைத் தவிர மற்றவர் எவருக்கும் ஒரு காசுகூட உயரவில்லை. இடைநிலை அளவோ அசையாமல் 2,200-லேயே நிற்கிறது. கோடியில் நிற்பவர் எவ்வளவு தூரம் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மட்டுமே அதற்கு வேண்டும்.

ஆனால் நாம் இதுவரை ஒரு பெரிய பிழையைச் செய்துவிட்டோம். கவனித்தீர்களா? 20 கிலோ லாட்டையும் 150 கிலோ லாட்டையும் ஒன்றாகவே எண்ணிவிட்டோம். மேலே சொன்ன விலைகளுக்கு, அதே வரிசையில், எடைகள் 40, 60, 100, 50, 90, 150, 100, 80, 60, 50, 20 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 800 கிலோ. ஒவ்வொரு விலையையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் அன்று கைமாறிய பணம் 17,91,000 ரூபாய். இதை 800-ஆல் வகுத்தால் 2,238 ரூபாய் 75 காசு. இதற்கு நிறையிட்ட சராசரி என்று பெயர். ஏலத்திற்கு நியாயமான சராசரி இதுவே. உச்ச விலை பெற்ற லாட் வெறும் 20 கிலோதான் என்பதால் அதன் இழுப்பு இங்கே அடங்கிவிட்டது. நம் விவசாயியிடம் யாரோ சொன்ன 2,300, விலைகளை மட்டும் கூட்டி வகுத்தது. சரக்கைக் கணக்கில் கொள்ளவில்லை. இடைநிலை அளவையும் எடை வழியே காணலாம்: 800 கிலோவையும் விலை வரிசையில் கொட்டினால் 400-ஆவது கிலோ எந்த லாட்டில் விழும்? 40, 100, 340, 490 என்று கூட்டிக்கொண்டே போனால் 2,200 ரூபாய் லாட்டில் விழுகிறது.

மூன்றாவது முகடு. பட்டியலில் எந்த எண் அதிகத் தடவை வருகிறதோ, அதாவது எதன் நிகழ்வெண் மிகுதியோ, அது முகடு. நம் பட்டியலில் 2,150 மூன்று தடவை வருகிறது. ஆகவே முகடு 2,150. நம் விவசாயி நிற்பது சரியாக அந்த முகட்டின் மீதுதான்! அவரைப் போல விலை பெற்றவர்களே அன்று அதிகம். தரகர் அவரை ஏமாற்றினார் என்பதற்கு இந்தப் பட்டியலில் எந்தச் சான்றும் இல்லை.

ஆங்கிலத்தில் முகட்டிற்கு 'மோட்' என்ற பெயரைப் புகுத்தியவர் கார்ல் பியர்சன், ஆண்டு 1895. அதே ஆண்டு அக்டோபரில்தான் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை, நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

முகடு எளிமையானது, ஆனால் சபலபுத்தி உடையது. உண்மையான ஏலத்தில் விலைகள் 2,153, 2,148 என்று பலவாறாக இருக்கும். ஒரே எண் மறுமுறை வருவதே அரிது. எனவே பிரிவுகளாகப் பிரிக்க வேண்டும். நம் விலைகளை 200 ரூபாய்ப் பிரிவுகளாகப் பிரித்தால், 1,900 முதல் 2,100-க்குள் 2, 2,100 முதல் 2,300-க்குள் 5, 2,300 முதல் 2,500-க்குள் 2 என்று வரும். முகட்டுப் பிரிவு இரண்டாவது. இரு பக்கத்துப் பிரிவுகளும் சம உயரமாக இருப்பதால் வாய்பாட்டின்படி முகடு அப்பிரிவின் நடுவில், அதாவது 2,200-இல் விழுகிறது. எண்கள் மாறவில்லை, நாம் பிரித்த விதம் மாறியது. முகடு 50 ரூபாய் நகர்ந்துவிட்டது. 'முகடு = 3 × இடைநிலை அளவு − 2 × சராசரி' என்று ஒரு சூத்திரத்தையும் படித்திருப்பீர்கள். நம் எண்களை இட்டால் 6,600 − 4,600 = 2,000 என்று வருகிறது. தவறு! ஏராளமான எண்கள் இருந்து, அவை ஓரளவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது தோராயமாகப் பொருந்துவது அச்சூத்திரம். பதினோர் எண்களின் மீது அதை ஏவக் கூடாது.

சில இடங்களில் முகடு இரண்டாக இருக்கும். பெரியாற்றின் நீர்ப்பிடிப்பு மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலத்தில், மழைமறைவில் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் சாரலும் காற்றும்தான். பள்ளத்தாக்கிற்கு மழை அக்டோபர், நவம்பரில். இரு பகுதிகளின் மழைப் பதிவுகளையும் ஒன்றாகக் கலந்து வரைபடம் வரைந்தால் ஒட்டகத்தின் முதுகுபோல் இரு திமில்கள் எழும். ஜூலைக்கும் நவம்பருக்கும் நடுவே செப்டம்பரே 'சராசரி மழை மாதம்' என்று ஒருவர் சொன்னால், அவருடைய கணக்குச் சரிதான். ஆனால் அதை நம்பி நாற்று விடக் கூடாது.

அப்படியானால் கூட்டுச் சராசரியை ஒதுக்கிவிடலாமா? அதுவும் ஆகாது. மொத்தம் வேண்டும் என்றால் அதைவிட்டால் வேறு வழியில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுப் பாசனத்தால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்பது கணக்கு. ஓர் ஏக்கரின் சராசரி விளைச்சல் தெரிந்தால், இதனால் பெருக்கி எத்தனை மூட்டை நெல் வரும், எவ்வளவு சாக்கு வேண்டும் என்று சொல்லிவிடலாம். இடைநிலை அளவை 14,707-ஆல் பெருக்கினால் வருவது ஓர் எண். அதற்குப் பொருள் எதுவும் இல்லை.

இடைநிலை அளவின் திறமை வேறொரு துறையில். தேனியிலிருந்து தெற்கே போகும் சாலையில் வரிசையாக வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் உள்ளன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை விளையும் பகுதி இது. இந்த ஐந்து ஊர்களிலிருந்தும் நாளைக்கு ஒரு வண்டி திராட்சை வருவதாகவும், அவற்றைச் சேர்க்கச் சாலையோரம் ஒரு கிடங்கு அமைப்பதாகவும் கொள்வோம். எல்லா வண்டிகளும் ஓடும் மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். எங்கே அமைப்பது? தூரம் எதையும் அளக்காமலே விடை சொல்லலாம்: உத்தமபாளையம். கிடங்கை அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கம்பம் பக்கம் நகர்த்தினால் கம்பம், கூடலூர் என இரண்டு வண்டிகளுக்கு ஒரு கிலோமீட்டர் மிச்சம். மற்ற மூன்றுக்கும் ஒரு கிலோமீட்டர் கூடுதல். வடக்கே நகர்த்தினாலும் இதே கதைதான். கடைசி வண்டி கூடலூருக்குப் பதில் குமுளியிலிருந்து வந்தாலும் கிடங்கு உத்தமபாளையத்திலேயே இருக்கும். மொத்த விலகலை மிகக் குறைப்பது இடைநிலை அளவே என்னும் தேற்றம் இதுதான்.

இந்த அளவின் மீது மிகுந்த பற்றுக் கொண்டவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சி ஒன்றில் ஒரு கொழுத்த எருதை அறுத்துச் சுத்தம் செய்தபின் அதன் எடை என்ன இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. படிக்கக்கூடிய 787 சீட்டுகளை அவர் வாங்கி வரிசைப்படுத்தினார். இடைநிலை அளவு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. இதை 1907-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஒவ்வொரு சீட்டும் ஒரு வாக்கு என்றால், நடுச்சீட்டே மக்களின் தீர்ப்பு என்பது அவர் வாதம். கூட்டுச் சராசரி என்ன என்று வாசகர் ஒருவர் கேட்க, அவர் தந்த விடை 1,197. உண்மைக்கு ஒரு பவுண்டுதான் குறைவு! கால்ட்டனுக்குச் சற்றே சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக, எந்த அளவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதால் ஒரு குடும்பத்தின் கைக்கு வரும் பணமே மாறும் ஓர் இடத்தைப் பார்ப்போம். 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான விளைச்சல் இழப்பு ஒவ்வொரு வயலாக மதிப்பிடப்படுவதில்லை. குறிப்பிட்ட பகுதியின் சராசரி விளைச்சல் காணப்படுகிறது. அது முந்தைய ஆண்டுகளின் விளைச்சலைக் கொண்டு வகுத்த வரம்பிற்குக் கீழே போனால் அப்பகுதியில் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு. போகாவிட்டால் யாருக்கும் இல்லை. வரம்பு காண்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: முந்தைய ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்தை மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறார்கள். பஞ்ச ஆண்டுகள் சராசரியைக் கீழே இழுத்து விவசாயிக்குப் பாதகமாகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

நடப்பு விளைச்சலைக் காணப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்கிறார்கள். கிராமத்தில் சில வயல்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அதிலுள்ள கதிரை மட்டும் அறுத்து அடித்து எடை போடுகிறார்கள். நான்கு வயல்களில் 14, 13, 15, 2 கிலோ கிடைத்தது என்றும், வரம்பு 12 கிலோ என்றும் கொள்வோம். இவையும் நாம் எடுத்துக்கொண்ட எண்களே. கூட்டுச் சராசரி 44-ஐ 4-ஆல் வகுக்க 11, வரம்பிற்குக் கீழே. இழப்பீடு உண்டு. இடைநிலை அளவோ 13-க்கும் 14-க்கும் நடுவே 13.5. அதைக் கொண்டு முடிவு செய்தால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஏலத்தில் எந்த ஒற்றை எண்ணின் இழுப்பு நமக்குத் தொல்லையாக இருந்ததோ, அதே இழுப்பு இங்கே, முழுதும் பட்டுப்போன வயல்காரருக்குக் குரலாக இருக்கிறது. கூட்டுச் சராசரி அந்த 2 கிலோவைக் கேட்கிறது. இடைநிலை அளவுக்குக் காது கேட்பதில்லை.

ஆனால் குலுக்கலில் அவருடைய வயலே வராமல், பதிலாக 14 கிலோ விளைந்த பக்கத்து வயல் வந்திருந்தால்? எண்கள் 14, 13, 15, 14. சராசரி 14, இடைநிலை அளவு 14, முகடும் 14. மூன்று அளவைகளும் ஒரே குரலில், அந்தக் கிராமத்தில் விளைச்சல் நன்று என்கின்றன.